பந்தலா, பாடசாலையா, வீட்டுத் திண்ணையா: கொங்குச் சபைகள் சுவிசேஷப் பணத்தை எதில் இடலாம்?

சேகரக் கமிட்டியின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபையின் நிர்வாகக் குழுவின், ஆண்டு வரவுசெலவுக் கூட்டத்தில் "சுவிசேஷ ஊழியம்" என்ற தலைப்பு வரும்போது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ஆயர் சம்பளம், திருமண்டலப் பங்கு, ஆலயக் கூரை, மின்கட்டணம் எல்லாம் பேசி முடித்து, மிஞ்சிய தொகையை அந்தத் தலைப்பில் எழுதி, போன வருடம் போலவே மூன்று நாள் கூட்டம் என்று தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. அந்தத் தீர்மானத்துக்கு முன் ஓர் அரைமணி நேரம் பேசியிருக்க வேண்டியவற்றை இங்கே பேசலாம் என்பது என் எண்ணம். ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர் வட்டாரங்களில் இருநூறு குடும்பங்களுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ உள்ள ஒரு சபையின் முன் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: திறந்தவெளியில் பந்தல் போட்டு நடத்தும் நற்செய்திப் பெருவிழா, மாலைநேரப் பாடவகுப்பும் மருத்துவ முகாமும் போன்ற சேவை, தெருதோறும் வீடுகளில் கூடும் சிறு ஜெபக்குழுக்கள், கைபேசியில் பார்க்கும்படி ஆராதனையையும் செய்தியையும் ஒளிபரப்புவது.

வடமாநிலங்களில் ஊழியம் செய்வோரைப் பணம் அனுப்பித் தாங்குவது ஐந்தாவது வழியாகச் சிலரால் சேர்க்கப்படும். திருநெல்வேலியில் 1903-இல் வி. எஸ். அசரியாவும் அவர் நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கிய நாள் முதல் தமிழ்ச் சபைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் அது வேறொரு கடமை. பக்கத்துத் தெருவில் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அதற்கு ஈடாகத் தொலைவுக்குக் காணிக்கை அனுப்பிவிட்டு அமைதியடைவது நம்மிடையே பரவலாக இருப்பதால், அதை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைத்தான் நம் அறிக்கைகள் வழக்கமாக எழுதுகின்றன; நாற்காலியை எண்ணினால் அந்தக் கணக்கு கிடைத்துவிடும். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது அடுத்த கணக்கு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும் மட்டுமே உரியது. கிறிஸ்தவராகப் பதிவு செய்துகொள்ளும் குடும்பம் அந்தத் தகுதியை இழக்கிறது. பிள்ளையின் படிப்பையும் வேலையையும் எண்ணி, வாரம் தவறாமல் ஆலயத்துக்கு வந்துகொண்டே பதிவேட்டில் பெயர் எழுதத் தயங்கும் குடும்பங்கள் கொங்கு நாட்டில் எல்லா ஊர்களிலும் உண்டு. எனவே பதிவேடு முழு உண்மையைச் சொல்வதில்லை. நான் முன்வைக்கும் அளவுகோல் வேறு: சபைக்குப் புதிதாக ஒருவர் வந்துவிட்டால், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில் உட்காரப் பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா? நான்கு வழிகளில் எது அப்படி ஒருவரை உருவாக்குகிறதோ அதற்கே முதல் பணம் போக வேண்டும்.

எந்த நிலத்தில் நின்று பேசுகிறோம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்தில் மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஈரோடு, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அவர்கள் பங்கு மாநில விழுக்காட்டை விட வெகுவாகக் குறைந்திருக்கிறது. செய்தி இங்கே தாமதமாக வந்ததும் இதற்குக் காரணமில்லை. இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1620-களிலேயே சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்திருக்கிறார். கருமத்தம்பட்டியில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே கத்தோலிக்கக் குடிகள் உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் கோயம்புத்தூருக்கு 1830-இல் வந்தார். ஈரோட்டில் மிஷனரி பிரப் துரையின் பெயரில் ஆலயமும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. நானூறு ஆண்டுகளாகச் செய்தி கேட்டுக்கொண்டிருக்கும் நிலம் இது. "இவர்கள் இன்னும் கேள்விப்படவில்லை" என்ற அனுமானத்தில் திட்டமிடும் சபை தொடக்கத்திலேயே தவறான முகவரிக்குப் போகிறது. இங்கே பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். உள்ளே வந்தால் தமக்கு எந்த இடம் கிடைக்கும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. கோவையிலும் திருப்பூரிலும் சில ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு, மூன்று ஆராதனைகள் வைத்தும் இடம் போதவில்லை. சபை வளர்கிறது என்று மகிழ்கிறோம். வருகிறவர்களை ஊர் கேட்டுப் பார்த்தால் நாசரேத், மார்த்தாண்டம், சாயர்புரம், பாளையங்கோட்டை என்று பதில் வருகிறது. வேலைக்காக இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களைச் சேர்த்து அரவணைப்பது நல்ல காரியம். ஆனால் அது நம்பிக்கையைப் பகிர்ந்ததன் கணக்கில் சேராது. அப்படிப்பட்ட சபையில் அறிவிப்பும் உபசரிப்பும் பாட்டும் மெல்லத் தென்மாவட்டத்துக்காரர்களின் பழக்கத்துக்கு ஒத்துப்போய்விட, சந்தைப்பேட்டைத் தெருவிலிருந்து தயங்கி வந்த உள்ளூர்க்காரர் தம் ஊர் ஆலயத்திலேயே ஒறம்பரையாக, விருந்தாளியாக, நிற்க நேர்கிறது.

பந்தல்

மூன்று இரவுக் கூட்டத்துக்கு ஆகும் செலவை யாரும் முழுமையாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. மைதான வாடகை, பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், சுவரொட்டி, பிளக்ஸ், பாடகர் குழுவுக்கு வண்டி, வெளியூர்ச் செய்தியாளருக்குப் பயணமும் தங்குமிடமும், காவல்துறை அனுமதிக்கு நடந்த நடை எல்லாம் சேர்ந்தால் நடுத்தரச் சபையின் சுவிசேஷத் தொகை ஏறத்தாழ முழுவதும் மூன்று நாளில் கரைந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆறரைக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் வரவேற்புரையும் சால்வையும் முடிந்து எட்டு மணிக்குச் சூடு பிடிக்கும் நம் வழக்கத்தில், செய்திக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்பதை வாசகரே கணக்கிடலாம்.

யார் வருகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். முன்வரிசைகளில் நம் சபையார். அவர்களுக்குப் பின்னால் சுற்றியுள்ள ஊர்ச் சபைகளிலிருந்து வேனில் வந்தவர்கள். கடைசியில் மைதானத்தின் ஓரத்தில், வண்டியை நிறுத்தி அதன்மேல் சாய்ந்தபடி, உள்ளே வராமல் அரைமணி நேரம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள். யாருக்காகக் கூட்டம் நடத்துகிறோமோ அவர்கள் அந்தக் கடைசி ஆட்கள்தாம். அவர்களிடம் போய்ப் பேச யாரும் நியமிக்கப்படுவதில்லை. தொண்டர்கள் எல்லாரும் மேடையைச் சுற்றியே நிற்கிறார்கள். இறுதி நாளில் தீர்மான அட்டை கொடுக்கப்படும். பெயர், ஊர், கைபேசி எண், "ஜெபம் தேவை" என்று டிக் செய்ய ஒரு கட்டம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய அந்த அட்டைகள் வெஸ்ட்ரி எனப்படும் ஆலயப் பக்க அறையின் அலமாரியில், பழைய கணக்கு நோட்டுகளுக்கும் உடைந்த மைக் ஸ்டாண்டுக்கும் இடையே இருப்பதை எத்தனையோ சபைகளில் காணலாம். ரப்பர் பேண்டு காய்ந்து அட்டையோடு ஒட்டிப்போயிருக்கும். ஒருவர் துணிந்து தம் எண்ணை எழுதிக் கொடுத்தும் அவரை யாரும் அழைக்கவில்லை என்றால், கூட்டமே நடத்தாமல் இருந்ததைவிட அது மோசமான விளைவு.

பெருவிழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் சபையின் இளைஞர்களில் பலர் அப்படியொரு இரவில்தான் தம் நம்பிக்கையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். சிதறிக் கிடக்கும் சிறு கிராமச் சபையாருக்கு, தாங்கள் தனியாக இல்லை என்று காணும் வாய்ப்பு அது ஒன்றுதான். ஆகவே அது விசுவாசிகளைத் திடப்படுத்தும் விழா. அந்தக் கணக்கில், அந்தத் தலைப்பில் அதற்குப் பணம் ஒதுக்கலாம். சுவரொட்டி பற்றியும் ஒரு சொல். நோய் தீரும் என்று உறுதி கூறிப் பட்டியல் போட்டு அச்சிடுவோர், 1954-ஆம் ஆண்டிலிருந்தே மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் என்ற ஒன்று இருப்பதை அறிந்திருப்பது நல்லது. சட்டம் ஒருபுறம் இருக்க, சுகம் கிடைக்காத நோயாளி வீட்டுக்குப் போய் எதை நம்புவார் என்பதை அச்சகத்துக்குப் போகுமுன் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாடசாலையும் மருந்தும்

சேவையின் வழியைப் பேசும்போது கொங்கு நாட்டில் ஒருவருக்கும் கொல்லிமலையைத் தாண்டிப் போக முடியாது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், தம் மனைவி ஈவ்லினுடன் முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் மலைமேல் வாழவந்தியில் குடியேறினார். அவர் முழுமையான மருத்துவர் இல்லை. வெப்பமண்டல நோய்கள் பற்றிக் கொஞ்சம் பயிற்சி பெற்றிருந்தார். பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவை மெல்ல இழுத்து எடுத்தார், அந்தப் புழு பரவாதபடி கிணற்றைக் கட்டச் சொல்லிக் கொடுத்தார், பள்ளி நடத்தினார். மலைவாசிகள் மருந்து வாங்கிக்கொண்டார்கள், நன்றியோடும் இருந்தார்கள். ஆனால் ஆண்டுகள் கடந்தும் அவர்களில் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. 1918-ஐ ஒட்டி வந்த இன்ஃபுளூயன்சா காய்ச்சல் மலையை வாரிக்கொண்டு போனபோது, நோயுற்றவர்களைக் கைவிட்டு ஊரார் ஓடிய வேளையில் இவ்விருவரும் அவர்களைப் பேணினார்கள். அதுவரை அவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர் மரணப் படுக்கையில் தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அதற்குப் பின்னரே மலையில் சபை முளைவிட்டது. ஜெஸ்ஸி 1929-இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் இந்த மலைகளை விட்டுப் போகாமல் உழைத்து, 95 வயதில் 1974-இல் காலமானார். கொல்லிமலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் உருவாக்கியது உலகறிந்த செய்தி.

இந்த வரலாற்றை மேடையில் சொல்கிறவர்கள் மருந்து கொடுத்ததால் மக்கள் மனம் மாறினார்கள் என்று சுருக்கிவிடுகிறார்கள். நடந்தது அப்படி இல்லை. மருந்து பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. அது மட்டும் ஒருவரையும் அசைக்கவில்லை. எதிரியாக இருந்த ஒருவர், தாம் இறந்தபின் தம் பிள்ளைகளை யார் வளர்ப்பார் என்று எண்ணியபோது, தம் சாதிசனத்தை விட இந்த வெளியாட்களை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அதே மலையில், அதே ஊரில், ஆண்டுக்கணக்கில் குடியிருந்ததே அடிப்படை. இன்று நாம் நடத்தும் ஒருநாள் மருத்துவ முகாமில் இந்த அடிப்படை இல்லை: காலையில் வந்து இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, மதியம் பதாகையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அதில் பயன் உண்டு, ஆனால் எந்த அரிமா சங்கமும் அதே பயனைத் தரும்.

பெரிய நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கிறிஸ்தவப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இந்த வட்டாரத்துக்குச் செய்தது ஏராளம். கிறிஸ்தவர்களைப் பற்றி இங்குள்ள பொதுமக்களுக்கு நல்லெண்ணம் இருப்பதற்கு ஆலயங்களைக் காட்டிலும் அவையே காரணம். ஆனால் அவை வளர வளர நிர்வாகமும் தேர்வு முடிவும் நன்கொடையும் வழக்கும் அவற்றை விழுங்கிவிடுகின்றன. ஒரு நடுத்தரச் சபை இனிப் புதிதாக அப்படியொன்றைத் தொடங்கும் நிலையிலும் இல்லை. தொடங்கக்கூடியது மாலைப் பாடவகுப்பு. விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய லைன் வீடுகளில், இரவு ஷிப்டுக்குத் தந்தையும் பகல் ஷிப்டுக்குத் தாயும் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு மாலை ஐந்து முதல் ஏழு வரை உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் கணக்குச் சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தால், அதன் மதிப்பு அந்தத் தெருவுக்கே தெரியும். செலவு குறைவு, ஆனால் ஆள் வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள் வேண்டும்.

இந்த வகுப்பில் ஜெபம் செய்யலாமா, வேதக்கதை சொல்லலாமா என்ற கேள்வி உடனே எழும். என் கருத்து தெளிவானது: பாடவகுப்பு பாடவகுப்பாகவே இருக்க வேண்டும். பிற மதத்துப் பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் புகுத்தலாகாது. உதவிக்கு ஈடாக ஆலய வருகையை எதிர்பார்க்கலாகாது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கப்பட்டுவிட்டாலும், அந்தக் காலத்துச் சந்தேகம் ஊர்களில் முழுதும் விலகிவிடவில்லை. சட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நிபந்தனையோடு கொடுத்த அன்பைப் பெற்றவர் அதைக் கடனாகவே எண்ணுவார், கடன் தீர்ந்ததும் போய்விடுவார். பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம், நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. கேட்கிறவருக்குத்தான் பதில். திருப்பூர்ப் பக்கம் அப்படியொரு வகுப்பு நடத்திவந்த சபைப் பெண் ஒருவரிடம், பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு தாய், "ஏனுங்க டீச்சர், ஞாயித்துக்கிழமை உங்க கோயிலுக்கு நானும் வரலாமுங்களா?" என்று கேட்டதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வகுப்புத் தொடங்கி அப்போது இரண்டாம் கல்வியாண்டு நடந்துகொண்டிருந்தது.

வீட்டுத் திண்ணை

பெந்தெகொஸ்தே சபைகள் கடந்த சில பத்தாண்டுகளில் கொங்கு நகரங்களில் பரவியதற்கு அவர்களுடைய இசையும் ஆர்ப்பரிப்புமே காரணம் என்று பிரதானச் சபையார் நினைக்கிறார்கள். வாடகை வீட்டின் முன்னறையில், செவ்வாயோ வெள்ளியோ, பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்காரும் கூட்டத்தை அவர்கள் கவனிப்பதில்லை. கத்தோலிக்கர்கள் இதையே அன்பியம் என்று பங்குகளில் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையிலும் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு; ஆனால் நம்மிடையே அது பெரும்பாலும் சுற்றுமுறையில் நடக்கும் கடமை, ஆயர் வந்து செய்தி கொடுத்துக் காப்பியும் கேசரியும் சாப்பிட்டுப் போகும் நிகழ்ச்சி. பக்கத்து வீட்டார் எட்டிப்பார்ப்பதற்குள் கதவைச் சாத்திவிடுகிறோம்.

கொங்கு நாட்டின் இயல்புக்கு இந்த வழி மிகவும் ஒத்துவருகிறது. இங்கே எதுவும் அறிமுகத்தின் வழியாகவே நடக்கும்: பனியன் கம்பெனியில் வேலை, லாரிக்கு ஃபைனான்ஸ், மஞ்சள் மண்டியில் கடன், பெண் பார்ப்பது எல்லாமே "நம்ம ஆள் ஒருத்தர் சொன்னார்" என்பதில் தொடங்குகின்றன. முன்பின் தெரியாதவர் மேடையில் நின்று சொல்வதை இந்த ஊரார் மரியாதையோடு கேட்டுக்கொள்வார்கள், அதற்குமேல் ஒன்றும் செய்யமாட்டார்கள். தெரிந்தவர் தம் வீட்டுக்கு அழைத்தால் போவார்கள். யோவான் சுவிசேஷத்தில் நாத்தான்வேலின் சந்தேகத்துக்குப் பிலிப்பு வாதம் செய்யவில்லை. வந்து பார் என்று அழைத்தான். நோயோ கடனோ குடிப்பழக்கமோ பிள்ளையில்லாக் குறையோ உள்ள ஒருவர், தம் துயரத்தைப் பெயர் சொல்லி ஜெபிக்கும் பத்துப் பேரை அந்த அறையில் காண்கிறார். அவர் பிறகு ஆலயத்துக்குள் நுழையும்போது, மேலே சொன்ன அளவுகோல்படி, பக்கத்தில் உட்கார ஆள் ஏற்கெனவே இருக்கிறது.

இதற்கான செலவு ஒன்றுமில்லை என்பார்கள், அது சரியன்று. குழுவை நடத்தும் சாதாரண விசுவாசிக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, வேதத்தைச் சேர்ந்து படிக்கவும், அழுகிறவர் சொன்னதை வெளியே சொல்லாமல் காக்கவும், தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லவும் பயிற்சி வேண்டும். பந்தலுக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்கு இந்தப் பயிற்சிக்குப் போதும். பயிற்சி இல்லாத குழுக்களின் கதி நமக்குத் தெரியும்: ஒரு குடும்பத்தின் கைக்குள் அடங்கும், வம்பு பேசும் இடமாகும், அல்லது குழுத் தலைவர் ஒருநாள் தனிச்சபை தொடங்கிவிடுவார்.

ஆனால் பெரிய குறை வேறு, அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். வீடு என்றால் தெரு; தெரு என்றால் கொங்கு நாட்டில் சாதி. ஒடுக்கப்பட்டோர் குடியிருக்கும் வளவில் கூடும் குழுவுக்கு, நிலவுடைமைச் சாதியார் வாழும் தோட்டத்துச் சாளையிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அக்கிராமத்தில் கிறிஸ்தவம் என்பதே வளவுக்காரர்களின் மதம் என்று பெயர் பெற்றிருக்கும். இந்த வட்டாரத்துக் கிராமச் சபைகளில் மிகப்பல, ஒடுக்கப்பட்ட சமூகத்தார் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து உருவாக்கியவை. அது அவற்றின் பெருமை. டொனால்ட் மெக்காவ்ரன் என்ற அமெரிக்க மிஷனரி, இந்தியாவிலேயே பிறந்து மத்திய இந்தியாவில் உழைத்தவர், இந்த அனுபவங்களிலிருந்து ஒரு கொள்கையை வகுத்தார்: மக்கள் தம் இனத்தையும் மொழியையும் வகுப்பையும் தாண்டாமலே கிறிஸ்தவராக விரும்புகிறார்கள், எனவே அந்தந்தச் சமூகத்துக்குள் சபை பெருகட்டும் என்றார். மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் இதைக் கடுமையாக மறுத்தார். அவர் பார்வையில் சபையார் ஒன்றாகக் கூடி வாழும் விதமே சுவிசேஷத்துக்குப் பொருள் சொல்லும் உரை. அந்த உரையில் பழைய பிரிவுகள் அப்படியே இருந்தால் படிக்கிறவர் எதைப் புரிந்துகொள்வார்?

கொங்கு அனுபவத்தில் இருவருக்கும் பாதி உண்மை இருக்கிறது. செய்தி உறவின் வழியே ஓடும் என்பதில் மெக்காவ்ரன் சொன்னது சரி. ஓடி ஓடி ஒரே தெருவுக்குள் நின்றுபோகும் என்பதையும் நாம் கண்டுவிட்டோம். 1840-களில் கோயம்புத்தூர்க் கத்தோலிக்க மிஷனுக்குத் தலைமையேற்ற மரியோன் தெ பிரெசியாக், சாதி வழக்கங்களை எவ்வளவு தூரம் ஏற்பது என்ற விவாதத்தில் மனச்சான்று இடம்கொடாமல் பொறுப்பிலிருந்து விலகினார்; பின்னர் 1856-இல் ஆப்பிரிக்காவுக்கான மறைபரப்புச் சபையை நிறுவினார். அவர் விட்டுச்சென்ற கேள்வி இன்னும் நம் ஆலயங்களில், யார் எந்த வரிசையில் உட்காருகிறார், யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார், திருமணத் தகவல் பலகையில் சாதிப்பெயர் ஏன் எழுதப்படுகிறது என்ற உருவங்களில் உயிரோடிருக்கிறது. அண்டை வீட்டார் இவற்றை நம்மைவிடக் கூர்ந்து கவனிக்கிறார்கள். வீட்டுக்குழு மட்டும் வைத்திருக்கும் சபை ஒரே சாதிச் சபையாகவே இறுகிப்போகும். குழுக்கள் மாதம் ஒருமுறையேனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்படி திட்டமிடுவது இதனால் தவிர்க்க முடியாதது. சமைப்பவர் யார் என்பதையும் சுழற்சியில் வைக்க வேண்டும்.

கைபேசித் திரை

நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லாச் சபைகளும் கேமரா வாங்கின. வீட்டோடு கிடக்கும் முதியோருக்கும் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அது இன்றும் உதவுகிறது. வெளியே தெரியாமல் கேட்க விரும்புகிறவருக்கும், கூட்டுக்குடும்பத்தில் வாழும் ஓர் இளம்பெண்ணுக்கு என்று வைத்துக்கொள்வோம், காதில் செருகிய ஒலியே முதல் வாசல். ஆனால் தமிழில் கிறிஸ்தவச் செய்தி இணையத்தில் தேவைக்கு மேல் கிடைக்கிறது. அதோடு இன்னொன்றைச் சேர்ப்பதற்கு நடுத்தரச் சபை பெரும்பணம் போட வேண்டியதில்லை. இருக்கும் கேமரா போதும். ஒளிபரப்பின் கீழே ஆயரின் எண்ணை மட்டும் போடாமல், பெண்கள் தயங்காமல் அழைக்கும்படி ஒரு பெண் ஊழியரின் எண்ணையும் போட்டால், அந்தச் சிறு மாற்றமே கேமராவைவிடப் பெரிய வேலையைச் செய்யும்.

எந்தச் சபைக்கு எது

1933-இல் மெதடிஸ்ட் மிஷனரி ஜே. வாஸ்கம் பிக்கெட் இந்தியாவெங்கும் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவரானவர்களை ஆராய்ந்து எழுதியபோது, என்ன நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைக் காட்டிலும், வந்தபின் அவர்களுக்குக் கிடைத்த போதனையும் பராமரிப்புமே அவர்களுடைய வாழ்வைத் தீர்மானித்தன என்று கண்டார். நம் ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை. பந்தலும் கைபேசியும் வருவதற்கு உதவுகின்றன. வந்தபின் ஒன்றும் செய்வதில்லை. பாடவகுப்பு வருவதற்கு மெல்ல உதவுகிறது, வந்தபின்னும் உறவு தொடர்கிறது. வீட்டுக்குழு இரண்டுக்கும் உதவுகிறது, ஆனால் தெருவைத் தாண்டுவதில்லை.

ஆகவே கோவை, ஈரோடு போன்ற நகரங்களின் பெரிய சபை, பெருவிழாவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று குறைத்து, இடைப்பட்ட ஆண்டுகளின் தொகையை வீட்டுக்குழுத் தலைவர்களின் பயிற்சிக்கும், வரவேற்புப் பணிக்குமாக மாற்றலாம்; அங்கே முதல் வேலை இடம்பெயர்ந்து வந்தவர்களையும் உள்ளூர்க்காரர்களையும் ஒரே குழுக்களில் கலப்பது. திருப்பூர், சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் போன்ற தொழில் ஊர்களில் பாடவகுப்புக்கே முதலிடம் தருவேன். வீட்டுக்குழு அதைத் தொடர்ந்து தானே தோன்றும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வடக்கே பணம் அனுப்பும் சபை, வடக்கே தன் வாசலுக்கு வந்திருப்பதைக் கண்டு, இந்தி தெரிந்த ஒருவரை மாதம் இரண்டு ஞாயிறு மாலைகளில் உட்காரவைத்தாலே பெரிய தொடக்கம். ஆனால் ஷிப்டு நேரம் பார்த்து வைக்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிறு காலையில் சந்தைக்கும் துணி துவைப்பதற்கும் போகிறவரைக் காலை எட்டரை மணி ஆராதனைக்கு எதிர்பார்ப்பதில் பயனில்லை.

தாராபுரம், கோபி, சத்தியமங்கலம் பக்கத்துச் சிறு கிராமச் சபைகளுக்கு இவற்றில் எதுவுமே முதற்செலவாகக் கூடாது. அங்கே ஒரு குடும்பம் புதிதாக ஆலயத்துக்கு வரத் தொடங்கியதும், அவர்களுடைய உறவினர் கேட்கும் முதல் கேள்வி வேதத்தைப் பற்றியதாக இருக்காது, "நாளைக்கு உங்கப்பன் செத்தா எங்கடா கொண்டுபோய் வைப்பே?" என்பதுதான். ஊர் மயானத்தில் இடம் மறுக்கப்படலாம்; கிறிஸ்தவர்களுக்கென்று கல்லறை நிலம் இல்லாத ஊர்கள் பல; இருக்கும் ஊர்களிலும் சாதிக்கொரு மூலை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சபை, எத்தனை கைப்பிரதி கொடுத்தாலும், முதல் சாவில் அந்தக் குடும்பத்தை இழக்கும். எனவே இத்தகைய சபைகள் தம் சுவிசேஷத் தொகையை இரண்டு ஆண்டு சேர்த்து வைத்து, திருமண்டலத்தின் உதவியும் கேட்டு, வருவாய்த் துறையில் முறைப்படி மனுக்கொடுத்தோ விலைக்கு வாங்கியோ, எல்லாருக்கும் பொதுவான ஒரு கல்லறை நிலத்தைப் பெறுவதிலேயே முதலில் செலவிட வேண்டும் என்பது என் முடிவு. பட்டா யார் பெயரில் இருக்கிறது, வண்டிப்பாதை உண்டா, மூலைகள் சாதிவாரியாகப் பிரிக்கப்படாது என்று கமிட்டித் தீர்மானம் எழுத்தில் இருக்கிறதா, இம்மூன்றையும் பத்திரம் பதியுமுன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.